யூடியூப் சேனலுக்குத் தனி முகவரி: சில வருட அனுபவம்

என் மாடித் தோட்டச் சேனலை 2019-இல் தொடங்கினேன். அப்போது அதன் முகவரியில் 'யூசி' என்று ஆரம்பித்து எழுத்தும் எண்ணுமாக 24 இருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் திறக்காது. விதை கேட்பவர்களுக்கு அனுப்பும் கவரின் பின்பக்கம் அதைத்தான் கையால் எழுதுவேன். பார்த்து அடித்து வந்தேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

அந்த 24 எழுத்துக்குப் பதில் பெயரே வரும் தனி முகவரி வாங்க அந்த நாளில் 100 சந்தாதாரர்கள் வேண்டும், சேனல் தொடங்கி 30 நாள் ஆகியிருக்க வேண்டும், படமும் பேனரும் போட்டிருக்க வேண்டும். 2020-இல் எனக்குத் தகுதி வந்தது. முகவரி சேனல் பெயரை ஒட்டியே வரும் என்பதால், ஆங்கில எழுத்தில் பெயரை எப்படி எழுதுவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

நான்கு பேருக்குப் போன் போட்டு, பெயரை மட்டும் சொல்லி, வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பச் சொன்னேன். நான்கும் நான்கு விதமாக வந்தன. தோட்டத்துக்கு ஒருவர் 'எச்' போட்டிருந்தார், ஒருவர் போடவில்லை. தென்காசிப் பெரியம்மா, "மாடிக்கு ஒரு ஏ-வா, ரெண்டு ஏ-வா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். அன்றே அந்தப் பெயரை விட்டுவிட்டேன். 'அவரை' என்ற சொல்லை எடுத்து, கூடவே எங்கள் ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். நான்கு பேரும் ஒரே மாதிரி அடித்தார்கள். முகவரி விஷயத்தில் நான் செய்த உருப்படியான வேலை இதுதான்.

2022 அக்டோபரில் யூடியூப் ஹேண்டில் முறையை அறிவித்தது. 'அட்' குறியோடு தொடங்கும் பெயர், 3 முதல் 30 எழுத்து வரை. என் தனி முகவரியில் இருந்த பெயரே எனக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. சந்தாதாரர் கணக்கெல்லாம் இதற்குத் தேவையில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தொல்லையும் கிடையாது.

தங்கச்சி தையல் சேனல் ஆரம்பித்தபோது, கேட்ட பெயர் ஏற்கெனவே போயிருந்தது. நடுவில் அண்டர்ஸ்கோர் என்ற அடிக்கோடு போட்டு வாங்கினாள். கடை வாசலுக்கு ஃபிளெக்ஸ் அடித்தபோது, முகவரிக்கு அடியில் அழகுக்காக ஒரு சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கோட்டில் அண்டர்ஸ்கோர் மறைந்தேபோனது. பார்த்து அடித்தவர்கள் வேறு யாருடைய சேனலுக்கோ போனார்கள். சரி என்று யூடியூப் ஸ்டுடியோவில் கஸ்டமைசேஷன் பகுதிக்குப் போய்க் குறியே இல்லாத பெயராக மாற்றிக் கொடுத்தேன். 14 நாளுக்குள் இரண்டு முறைதான் மாற்ற முடியும். விட்ட பெயரும் 14 நாள்தான் நம் பேரில் இருக்கும், அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஃபிளெக்ஸ், அட்டை எதுவானாலும் பெயர் உறுதியான பிறகு அடியுங்கள்.

2020-இல் நான் அச்சடித்த 500 அட்டைகளில் 'சி' சாய்கோடு போட்ட அந்தப் பழைய தனி முகவரிதான் இருக்கிறது. இப்போது அந்த வகையில் புதிதாக வாங்க முடியாது, ஆனால் வாங்கியது இன்னும் திறக்கிறது. போன வாரம் கொத்தவரை விதைக் கவருக்குள் ஒரு அட்டை வைத்து அனுப்பினேன். கவர் கிடைத்த அன்று மாலையே, விதை கேட்டவர் எத்தனை நாளில் முளைக்கும் என்று வீடியோவின் கீழே கேட்டிருந்தார்.