யூட்யூபா, ரீல்ஸா, எடிட்டிங் வேலையா? சேலத்துத் தம்பிகளுக்கு ஒரு கணக்கு

ஆடி பிறந்ததும் எங்கள் ஸ்டுடியோவில் வேலை குறைந்துவிடும். கோட்டை மாரியம்மன் பண்டிகையில் சேலமே கொண்டாட்டமாக இருக்கும், கல்யாண மண்டபங்கள் மட்டும் பூட்டிக் கிடக்கும். தம்பிகள் வந்து உட்காருவது அந்த மாதத்தில்தான். "அண்ணா, வீடியோவை வச்சே பொழைக்கணும். யூட்யூப் ஆரம்பிக்கட்டுமா, இன்ஸ்டாவா? இல்ல, உங்ககிட்டயே எடிட்டிங்குக்கு வந்துடட்டுமா?"

பதினோரு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஆறு வருடமாகச் சொந்தமாக ஒரு சேனலும் நடத்துகிறேன். இந்த மூன்று வழியிலும் காசு பார்த்திருக்கிறேன், மூன்றிலும் அடி வாங்கியிருக்கிறேன். அவர்களிடம் வாயால் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் யூட்யூபின் நீள வீடியோ. விளம்பர வருமானம் தொடங்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரம் உங்கள் வீடியோக்கள் ஓடியிருக்க வேண்டும். 2018இலிருந்து இந்த அளவுகோல் இருக்கிறது. 4,000 மணி என்றதும் பலருக்கு மலைப்பு வருகிறது. பிரித்துப் பார்ப்போம். அது 2,40,000 நிமிடம். உங்கள் பத்து நிமிட வீடியோவை ஒருவர் சராசரியாக நாலு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 60,000 வியூஸ். வாரம் ஒரு வீடியோ போட்டால் வருடத்துக்கு 52. அப்படியானால் ஒரு வீடியோவுக்குச் சுமார் 1,150 வியூஸ் வந்தால் போதும். ஒரு வருடம் விடாமல் உழைத்தால் தொட்டுவிடக்கூடிய தூரம்தான் அது. அதன்பிறகு வீடியோவில் ஓடும் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு வரும். எட்டு நிமிடத்துக்கு மேல் போனால் நடுவிலும் விளம்பரம் வைக்கலாம். இதற்காகவே ஐந்து நிமிட விஷயத்தை எட்டு நிமிடத்துக்கு இழுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பார்க்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இதே யூட்யூபில் ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோக்கள் வழியாகவும் அந்த வாசலுக்குள் போகலாம். 1,000 சப்ஸ்கிரைபரோடு, 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் வியூஸ் வேண்டும். நாளுக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் வருகிறது. ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடிய நேரம் அந்த 4,000 மணியில் சேராது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. காசு பிரிப்பதும் வேறு மாதிரி. ஷார்ட்ஸுக்கு இடையே வரும் விளம்பரப் பணம் மொத்தமாக ஒரு உண்டியலில் விழுகிறது. பாட்டு உரிமைக்கான செலவு போக மீதியை வியூஸ் கணக்கில் பிரித்து, அவரவர் பங்கில் 45 சதவீதம் தருகிறார்கள். 2023 பிப்ரவரியில் இந்த ஏற்பாடு வந்தது. கையில் வரும்போது சின்னத் தொகையாகத்தான் இருக்கும்.

அப்புறம் இன்ஸ்டா ரீல்ஸ். இங்கே கணக்கே வேறு. வியூஸுக்கு இவ்வளவு என்று விளம்பரத்தில் பங்கு வந்துகொண்டே இருக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது. ரீல்ஸில் காசு என்பது பெரும்பாலும் கடைக்காரரிடமிருந்து வருகிற காசு. ஐந்து ரோடு சந்திப்பில் புதிதாகத் திறக்கும் பிரியாணிக் கடை, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுக் கடை, தீபாவளி சமயத்தில் ஜவுளிக்கடை. பத்தாயிரம் ஃபாலோயர் இருந்தாலே, அதில் பெரும்பகுதி சேலத்து ஆட்கள் என்றால், கடைக்காரருக்கு நீங்கள் முக்கியமானவர். மதுரையிலும் மலேசியாவிலும் லட்சம் பேர் பார்ப்பதால் அவர் கடைக்குப் பிரியாணி தின்ன யாரும் வரப்போவதில்லை. உள்ளூர்க்காரன் என்ற பலம் ரீல்ஸில் உடனே காசாகும். யூட்யூபில் அது இவ்வளவு சீக்கிரம் ஆகாது.

குறை எங்கே என்றால், ரீல்ஸின் ஆயுள் மிகக் குறைவு. போட்ட இரண்டு நாள் ஓடும், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடுத்ததைப் போட்டே ஆக வேண்டும். ஒரு பையன் தினம் ஒன்று போட்டுப் போட்டு எட்டாம் மாதம் கேமராவைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது என்றான். அவன் சோம்பேறி இல்லை. அந்த ஓட்டத்தை யாராலும் வருடக்கணக்கில் தாங்க முடியாது.

இதை ஏற்காட்டை வைத்துச் சொன்னால் நன்றாகப் புரியும். மே மாதக் கோடை விழா சமயத்தில் எத்தனை ரீல்ஸ் வருகிறது! இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, லேடீஸ் சீட்டிலிருந்து ராத்திரி சேலத்து வெளிச்சம், பகோடா பாயின்ட், மிளகாய் பஜ்ஜி. எல்லாம் அழகுதான். நானே எடுத்திருக்கிறேன். ஆனால் ஜூன் வந்ததும் அதைத் தேடுகிறவர் குறைந்துவிடுவார். அடுத்த மேயில் புதிதாக ஆயிரம் பேர் அதையே எடுத்திருப்பார்கள். அதே மலையில் காப்பித் தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். குளிர்காலத்தில் செடியில் பழம் சிவப்பாகிறது. பறிக்கிறார்கள், தோல் நீக்குகிறார்கள், காய வைக்கிறார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. இதையெல்லாம் பதினைந்து நிமிடம் பொறுமையாக எடுத்தால் அந்த வீடியோவைப் பல வருடம் தேடி வந்து பார்ப்பார்கள்.

இதைவிட நல்ல உதாரணம் ஜவ்வரிசி. ஆத்தூர்ப் பக்கம் போகும்போது சேகோ ஃபேக்டரி களங்களில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்த்திருப்பீர்கள். குச்சிக்கிழங்கைக் கழுவி, தோலெடுத்து, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளிய விட்டு, அடியில் தங்கிய மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, வெயிலில் போடுகிறார்கள். நமக்கு இது தினம் பார்க்கிற காட்சி. பாயசம் வைக்கிற வெளியூர் ஆட்களில் பலருக்கு அது கிழங்கிலிருந்து வருகிறது என்பதே தெரியாது. எங்களிடம் வந்த தம்பிகளில் ஒருவன் இதை நீள வீடியோவாக எடுத்தான். முதல் மாதம் 300 வியூஸ். அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பத்து மாதம் கழித்து யாரோ தேடி வந்து பார்க்க ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கிறது. அதே படப்பிடிப்பில் குலுக்குகிற காட்சியை மட்டும் வெட்டி 40 விநாடி ரீல்ஸாகப் போட்டான். அது மூன்றே நாளில் நன்றாக ஓடி நின்றுவிட்டது. இரண்டும் ஒரே நாள் உழைப்பு. ஒன்று கடைவாசல் போர்டு மாதிரி ஆளைக் கூப்பிட்டது, இன்னொன்று கடையாக நிற்கிறது.

ஒரே சரக்கைப் பல சந்தைக்குக் கொண்டுபோவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு ஏற்காடு ரோட்டில் நிற்கிறதே, அந்தக் கம்பெனி நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தது, பல மொழிகளில் எடுத்தது. 1938இல் வந்த மலையாளத்தின் முதல் பேசும்படத்தைத் தயாரித்ததும் அதுதான். மெட்ராஸிலிருந்து கலைஞர்கள் சேலத்துக்கு வந்து தங்கி வேலை பார்த்தார்கள். "சென்னைக்குப் போனாத்தான் உருப்படலாம்" என்று யாராவது சொன்னால் நான் அந்த வளைவைத்தான் காட்டுவேன். சமீபத்து உதாரணமும் இருக்கிறது. தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்டது வில்லேஜ் குக்கிங் சேனல். 2021இல் தொட்டார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்து ஆட்கள், தங்கள் வயல்வெளியிலேயே சமைத்தார்கள். சினிமா, வெப் சீரிஸ் பக்கம் போக ஆசைப்படுகிறவருக்குச் சென்னை வேண்டும், மறுக்கவில்லை. சேனல் நடத்தச் சென்னை வேண்டியதில்லை. வீட்டுச் சாப்பாடும் வாடகை இல்லாத அறையும் இருந்தால், வருமானமில்லாத முதல் வருடத்தைத் தாங்கலாம். சென்னையில் அதே வருடம் கடனாகிவிடும்.

மூன்றாவது வழி, அடுத்தவர் வீடியோவை எடிட் செய்வது. இதைத் தம்பிகள் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாதம் பிறந்தால் சம்பளம் வருவது இதில் மட்டும்தான். முகூர்த்த சீசனில் இரண்டு கல்யாணத்துக்குப் பத்து நிமிட ஹைலைட்ஸ் வெட்டிப் பாருங்கள். எங்கே சலிப்பு தட்டுகிறது, எந்த முகத்தில் ஒரு விநாடி கூடுதலாக நிற்க வேண்டும், சத்தம் எவ்வளவு கெட்டால் படமே கெடும் என்று கை தானாகக் கற்றுக்கொள்ளும். எந்தச் சேனலுக்கும் அதுதான் அஸ்திவாரம். இப்போது வெளியூர் யூட்யூபர்களும் ஃபுட்டேஜை கூகுள் டிரைவில் அனுப்பி சேலத்து எடிட்டர்களிடம் வேலை வாங்குகிறார்கள், அம்மாப்பேட்டை வீட்டு மாடியிலிருந்தே செய்யலாம். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் ஸ்டுடியோவிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டு இல்லாமல் நமக்குக் கை ஓடாது. அதே கையோடு சேனலில் போட்டால் உரிமைக்காரர் கோரிக்கை வரும், வருமானம் அவருக்குப் போகும், சில நேரம் வீடியோவே முடங்கும்.

இந்த வழியின் வலி வேறு. ஒரு கடைக்கு மூன்று மாதம் பேஜை முழுக்க நான்தான் பார்த்துக்கொண்டேன். படம் பிடிப்பது, வெட்டுவது, கமென்ட்டுக்குப் பதில் போடுவது எல்லாம். ஃபாலோயர் ஏறியதும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, கடைசி மாதப் பணத்தையும் தரவில்லை. நான் எழுதி வாங்கவில்லை, அதனால் கேட்கவும் வழியில்லை. அதற்குப்பின் பாதிப் பணம் முன்னால் வராமல் கேமராவை எடுப்பதில்லை. எத்தனை வீடியோ, எத்தனை முறை திருத்தம், ஒரிஜினல் ஃபுட்டேஜ் யாருக்கு என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி, "சரி" என்று பதில் வாங்கிக்கொள்கிறேன்.

ஃபேஸ்புக்கைப் பற்றியும் கேட்பார்கள். நாற்பது தாண்டியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், கோயில் திருவிழா, பழைய சேலம் மாதிரி விஷயங்களுக்கு ஏற்ற இடம். நீள வீடியோவை அங்கேயும் போடலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எதை மட்டுமே நம்பினாலும் என்ன ஆகும் என்பதை 2020 ஜூன் 29ஆம் தேதி ராத்திரி பார்த்தோம். டிக்டாக் உட்பட 59 ஆப்களை அரசு தடை செய்தது. எனக்குத் தெரிந்த ஒரு தறிக்காரர் மகன் அதில் லட்சக்கணக்கான ஃபாலோயரோடு இருந்தான். எல்லாம் ஆப்புக்குள்ளேயே எடுத்து, ஆப்புக்குள்ளேயே வெட்டியவை. ஒரிஜினல் எதுவும் கையில் இல்லை. மறுநாள் காலை அவனுக்கு எதுவுமே மிஞ்சவில்லை. இன்ஸ்டா ரீல்ஸ் அடுத்த மாதமே வந்தது, ஷார்ட்ஸ் செப்டம்பரில் வந்தது, இரண்டிலும் அவன் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதே நிலையில் இருந்த இன்னொருவர் ஒவ்வொரு வீடியோவையும் போன் கேமராவில் தனியாக எடுத்து ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தார். மூன்றே வாரத்தில் யூட்யூபில் எழுந்து நின்றுவிட்டார். ஒருவர் ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்தார், மற்றவர் வைக்கவில்லை. வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

காகித வேலையில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். யூட்யூப் வருமானம் 10 டாலரைத் தொட்டதும் விளம்பரப் பணத்தை அனுப்பும் கூகுளின் ஆட்சென்ஸிலிருந்து, முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் நம்பர் வரும். கதவு எண்ணைச் சரியாகக் கொடுங்கள், தபால்காரரிடமும் சொல்லி வையுங்கள். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பங்கில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். ரீல்ஸ் பக்கம், காசு வாங்கிச் செய்தால் அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெளிவாகப் போட வேண்டும். விளம்பரத் தர அமைப்பான ஆஸ்கி 2021இல் வழிமுறை கொடுத்தது, நுகர்வோர் விவகாரத் துறையும் 2023இல் கொடுத்தது. போன், பட்டுப்புடவை என்று பொருளாகத் தந்தாலும், ஒருவரிடமிருந்து வருடத்துக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு என்று 2022 ஜூலையில் கொண்டுவந்தார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுக்கலாம்? வீட்டில் இரண்டு வருடம் காசு கேட்க மாட்டார்கள், உங்களுக்கும் பொறுமை இருக்கிறது என்றால் நீள வீடியோவில் நேராக இறங்குங்கள். ஊர் முழுக்கப் பழக்கம், வாய்ச் சாமர்த்தியம், கடைக்காரரிடம் கூச்சமில்லாமல் விலை பேசும் தைரியம் இருந்தால் ரீல்ஸ் சீக்கிரம் சோறு போடும். மற்ற எல்லோருக்கும், அதாவது வந்து உட்காரும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு, முதல் ஒன்றரை வருடம் எடிட்டிங் வேலை, கூடவே மாதம் இரண்டே இரண்டு நீள வீடியோ, அதிலிருந்து வெட்டிய ரீல்ஸ் என்றுதான் சொல்கிறேன். அந்த வரிசையில் போனவர்கள் பாதியில் விடவில்லை என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஜவ்வரிசி எடுத்த தம்பி இன்னும் எங்கள் ஸ்டுடியோவில்தான் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போகிறான். இந்த வாரம் அட்டையாம்பட்டியில் கைமுறுக்கு சுற்றுகிற அம்மாக்களிடம் பேசி வைத்திருக்கிறானாம். மைக்குக்குப் புது பேட்டரி போட்டு மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.