புது ரத்தமா, 23 நாள் ரத்தமா?

கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மா ஒருவர் போன மாதம் புதுச்சேரியில் எங்கள் ரத்த வங்கிக் கவுண்டருக்கு வந்தார். மகளுக்கு மறுநாள் காலை ஆபரேஷன், ஹீமோகுளோபின் வெறும் 6.8. கையில் கொடுத்த பையை, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரன் லேபிளில் தேதியைப் படித்ததும் பையை மேஜைமேல் வைத்துவிட்டார். "தம்பி, இது இருபத்திமூணு நாளு ஆன ரத்தம். என் பேரன் நிக்கிறான், அவன்கிட்ட எடுத்துக் குடுங்க."

அவர் சந்தேகம் வெறும் பயமில்லை. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்தால் மட்டும் போதாது, தசையிலும் மூளையிலும் ஹீமோகுளோபின் அதை விட்டாக வேண்டும். விடவைப்பது 2,3-டிபிஜி என்ற சின்ன பாஸ்பேட் மூலக்கூறு. ஹீமோகுளோபினின் நடு இடுக்கில் உட்கார்ந்து அதன் பிடியைத் தளர்த்தும். இந்த வேலை தெரியவந்தது 1967-ல்தான். பையில் 2 முதல் 6 டிகிரி குளிரில் ரத்தச் சிவப்பணுச் செல்கள் இருக்கும்போது லாக்டிக் அமிலம் சேருகிறது, டிபிஜி உற்பத்தி படுத்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் அது கிட்டத்தட்ட தீர்ந்தே போகும். ஹீமோகுளோபின் பாதி நிரம்பத் தேவையான ஆக்சிஜன் அழுத்தத்தை பி50 என்போம். புது ரத்தத்தில் 26, 27 மில்லிமீட்டர் பாதரசம். டிபிஜி தீர்ந்த ரத்தத்தில் 20-க்கும் கீழே. எண் இறங்கினால் பிடி இறுகிவிட்டது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கோடு நிறுத்தினால் புது ரத்தம்தான் ஜெயிக்கும். ஆனால் பழைய செல்கள் உடம்புக்குள் போனதும் மறுபடி டிபிஜி செய்யத் தொடங்கிவிடும். ஏழெட்டு மணி நேரத்தில் பாதி, இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய முழுசும் திரும்பிவிடும். அன்று சாயங்காலமே ஏற்றினால், அந்தப் பெண் காலையில் ஆபரேஷன் மேஜைக்குப் போகும்போது பாதிக்கு மேல் மீண்டிருக்கும்.

நோயாளிகளிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 2015-ல் வெளியான 'ஏபிள்' ஆய்வில் தீவிர சிகிச்சையில் இருந்த 2,430 பேர். ஒரு பிரிவுக்குச் சராசரியாக 6 நாள் ரத்தம், மற்றதற்கு 22 நாள் ரத்தம். 90 நாளில் இறந்தவர்கள் முறையே 37, 35.3 சதவீதம். புது ரத்தத்தால் ஆதாயம் இல்லை. 2016-ல் 20,000 பேருக்கு மேல் பார்த்த 'இன்ஃபார்ம்' ஆய்வும் அதையேதான் சொன்னது.

மூன்றாவது வழியும் உண்டு: பழைய செல்லுக்கு ரசாயனத்தால் உயிரூட்டுவது. பைருவேட், இனோசின், பாஸ்பேட், அடினைன் கலந்த கரைசலில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் டிபிஜி பழைய அளவுக்கு வந்துவிடும், சில சமயம் தாண்டியும் போகும். எனக்கு இந்த வேதியியல்மேல் பெரிய மரியாதை. ஆனால் செல்களைக் கழுவித்தான் ஏற்ற வேண்டும், கழுவுவதில் கொஞ்சம் வீணாகும், கழுவியதை 24 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வரும் கேஸுக்கு இது தோதுப்படாது.

பச்சிளங் குழந்தையின் ரத்தத்தை மொத்தமாக மாற்றும்போது மட்டும் நான் ஐந்து நாளுக்குள் எடுத்த பையைத்தான் தேடுவேன். அங்கே டிபிஜியோடு, பையில் கசிந்து சேரும் பொட்டாசியமும் கவலை. பெரியவர்களுக்கு, குரூப் பொருந்தி, கிராஸ்மேட்ச் (நோயாளி ரத்தத்தோடு கலந்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) ஆகி, காலாவதிக்குள் இருக்கும் பை போதும். எஸ்ஏஜிஎம் என்ற, செல்களைக் கெடாமல் காக்கும் கரைசலில் வைத்த பைக்கு 42 நாள் ஆயுள்.

இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். பேரனிடம் எடுத்தாலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஐந்தும் பார்க்காமல் பையை வெளியே விட முடியாது. அந்த மணிநேரங்களை மகள் 6.8-லேயே கடக்க வேண்டியிருக்கும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, இதையே குடுங்க" என்று பையை எடுத்துக்கொண்டார். பேரன் கிளம்பவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே வந்து படுத்தான்.