ஸ்டீம் மெஷின் விற்கிறார்கள், தண்ணியைப் பற்றிக் கேட்பதே இல்லை

கோவை வீட்டில் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார். "கண்ணு, மெஷின்ல சூடே ஏற மாட்டேங்குது. போர்வையெல்லாம் ஈர வாடை அடிக்குது." ஹீட்டரும் ஸ்டீமும் உள்ள ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின், வாரண்டி இப்போதுதான் முடிந்திருந்தது.

கம்பெனி சர்வீசுக்குப் போன் போட்டேன். சொன்ன நாளில் ஆள் வரவில்லை. "உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தது. காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் வாடிப்போனது. திரும்பக் கூப்பிட்டுச் சத்தம் போட்ட பிறகு வந்தவர், பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. "ஹீட்டர் போயிருச்சு சார், புதுசு போடணும். இந்தத் தண்ணிக்கு கோல்டு வாஷே போட்டுக்கங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைத் தண்ணியில் துவைக்கவா அத்தனை காசு கொடுத்தோம்?

நான் இருக்கும் ஜெர்மனியில் சோப்புத்தூள் பெட்டியிலேயே மென்தண்ணீருக்கு இவ்வளவு, நடுத்தரத்துக்கு இவ்வளவு, கடினத் தண்ணீருக்கு இவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். அந்தந்தப் பகுதித் தண்ணீர் எந்த வகை என்பதைத் தண்ணீர் வழங்குகிறவர்களே சொல்லிவிடுவார்கள். மென்மையான சிறுவாணி ஆற்றுத் தண்ணியையும் உப்பான போர் தண்ணியையும் நாக்கிலேயே பிரித்தறியும் நம் ஊரில், விற்றவரும் கேட்கவில்லை, மாட்ட வந்தவரும் கேட்கவில்லை, எந்தத் தண்ணிக் குழாயில் இணைக்கிறீர்கள் என்று.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லி ஒரு மெக்கானிக் தம்பி வந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிரம்முக்கு அடியில் இருக்கும் ஹீட்டரை மெல்ல உருவினார். கம்பி தெரியவே இல்லை; சுற்றிலும் வெள்ளையாக உப்பு இறுகியிருந்தது. திருப்புளியால் தட்டத் தட்டச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. மீட்டர் வைத்தார், மின்தடை 26 ஓம். "ஹீட்டர் காயில் நல்லாத்தானுங்க இருக்குது அண்ணா. ஒயர் முனைதான் கருகிருச்சு." புது முனை வைத்து, ஹீட்டரை எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீரில் நுரை அடங்கும்வரை ஊறப்போட்டார். திரும்ப மாட்டி 60 டிகிரியில் ஓடவிட்டதும் கதவுக் கண்ணாடி நன்றாகச் சுட்டது. புது ஹீட்டருக்குக் கேட்டதில் ஒரு பங்குகூட அவர் கேட்கவில்லை.

கடினத் தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து பிரிந்து, சூடான கம்பி மேலேயே படியும். ஸ்டீமில் இன்னும் மோசம்: ஆவி போய்விடும், உப்பு முழுக்கத் தங்கிவிடும்.

அந்த ஸ்டீமைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வெள்ளாவி வைத்து வந்த வேட்டியின் மணம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. உவர்மண் கரைசலில் துணியை நனைத்து, பானை மேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, காலையில் துறையில் அடித்து அலசுவார்கள். அழுக்கை இளக்கியது உவர்மண்ணின் காரத்தன்மையும் சூடும், கொண்டுபோனது தண்ணீர். இப்போதைய மெஷினில் தனியாக ஸ்டீம் மட்டும் ஓட்டினால் அலசல் கிடையாது, வாடையும் சுருக்கமும்தான் குறையும். சாம்பாரின் மஞ்சள் கறை அதில் போகாது, வெயிலில்தான் வெளுக்கும். ரத்தக் கறைக்கோ சூடே ஆகாது, கறை இறுகிவிடும். கடையில் இதில் ஒரு வார்த்தைகூட அம்மாவிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்குள் போர் குழாயை விட்டு, சிறுவாணித் தொட்டியிலிருந்து மெஷினுக்குத் தனிக் குழாய் இழுத்துவிட்டேன். போர்வைக்கும் தலையணை உறைக்கும் 60 டிகிரி. அந்தச் சூட்டில் தூசிப் பூச்சியும் சாகும், அப்பாவின் தும்மலுக்கு அது முக்கியம். மற்ற துணிக்கு 40 போதும்.