திரையில் ஓடும் டைமர்: தடைக்காலத்தில் வைத்துப் பார்த்தேன்

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகைக் கரையேற்றி, வலை பார்த்து, பெயிண்ட் அடித்த பிறகும் பகல் நீண்டு கிடக்கும். இந்த வருஷம் அதையெல்லாம் ரீல்ஸ் தின்றது. பாம்பனில் எங்கள் வீட்டு முன்னால் காய்ந்த நெத்திலிக்குக் காவலாக உட்கார்ந்தவன், தலையைத் தூக்கினால் ஒரு ஓரத்தைக் காக்காய் காலி செய்திருந்தது. "நாயைக் காவல் வச்சிருந்தாக்கூட பாதி மிஞ்சியிருக்கும்" என்றது அம்மா.

ரீல்ஸைக் குறைக்க, அதற்கு முன்பே போனோடு வரும் டைமரைப் போட்டுப் பார்த்திருந்தேன். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம், இரண்டுமே 2018-ல் வந்தவை. டிஜிட்டல் வெல்பீயிங்கில் 30 நிமிடம் வைத்தால் முடிந்ததும் ஆப் நின்றுவிடும், நள்ளிரவில் கணக்கு புதிதாகத் தொடங்கும். நான் என்ன செய்தேன்? நின்றதும் செட்டிங்ஸ் போய் 30-ஐ 60 ஆக்கினேன். 12 மணி ஆனால் மறுபடி கிடைக்குமே என்று விழித்திருந்த ராத்திரியும் உண்டு. பூட்டியவன் கையிலேயே சாவி, அதில் ஆப்பைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

நெத்திலி போன ராத்திரி இறக்கியது வேறு வகை. பெயர் வேண்டாம், ப்ளே ஸ்டோரில் இதே மாதிரி நாலைந்து கிடக்கின்றன. இது எதையும் பூட்டாது. இன்ஸ்டாவையோ யூடியூபையோ திறந்ததும் திரை ஓரத்தில் ஒரு குட்டிக் கடிகாரம் மிதக்கும், சைபரில் தொடங்கி நொடி நொடியாக ஏறும், அவ்வளவுதான். முதல் நாள் சிரிப்பாக இருந்தது, நாலு நிமிஷம் இருக்கும் என்று நினைத்து ஓரத்தைப் பார்த்தால் 23:10, அதுவும் சிவப்பில். ரீல்ஸுக்குக் கடைசி என்று ஒன்று கிடையாதே, ஒன்றைத் தள்ளினால் அடுத்தது வந்து நிற்கிறது, முழுத்திரை வீடியோவில் போனின் சொந்த மணியும் மறைந்துவிடும். பூட்டு போட்டால் எனக்கு வீம்பு வருகிறது. எண் ஏறினால் கூச்சம் வருகிறது, போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.

குறைகளும் இருக்கு. 'மற்ற ஆப்களின் மேல் காட்ட' அனுமதி கொடுத்தே ஆக வேண்டும், பேட்டரி சேவர் போட்டால் சத்தமில்லாமல் செத்துப்போகிறது, லைக் பட்டன் மேலேயே வந்து உட்காருகிறது. மூன்றாவது வாரம் கண்ணும் பழகிவிட்டது, எண் ஓடுவதே தெரியவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.

பழகினதுக்கு ஒரு வழி பண்ணினேன். இடத்தை மாற்றி, எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக்கினேன். அப்புறம்தான் நிஜமாக வேலை செய்தது. வெயிலில் எனக்குத் தெரியாவிட்டாலும் திண்ணையில் இருக்கிற அம்மாவுக்குத் தெரிகிறது.

"பதினெட்டு ஆச்சுடா. காக்கா வருது பாரு."