மீட்டரில் 46,000, உள்ளே 1,18,000: சேலத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சேலத்து பைபாஸ் ஓரக் கன்சல்டிங்குகளில், அதாவது பழைய வண்டி விற்கும் கடைகளில், ஸ்போர்ட்ஸ் கார் பார்த்து வைத்திருப்பவர்கள், டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் குடும்பத்தில் 17 லட்ச ரூபாய் போன விஷயம் இது. பணத்தைவிட, ஏற்காடு மலைப்பாதையில் தம்பியும் அவன் மனைவியும் மாட்டிக்கொண்டதுதான் என்னை எழுத வைக்கிறது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தம்பிக்குப் பள்ளப்பட்டியில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. சின்ன வயதிலிருந்தே கார்ப் பைத்தியம். பட்டறை கொஞ்சம் நிமிர்ந்ததும் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்பட்டான். ஆசைப்பட்டதில் எந்தத் தப்பும் இல்லை, உழைத்துச் சேர்த்த காசு. பார்த்தது 2015 மாடல் ஆடி டிடி. இரண்டு கதவு, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன், நாலு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோ. புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே 60 லட்சத்துக்கு மேல். "பெங்களூரு வண்டி சார், டாக்டர் வச்சிருந்தது, சிங்கிள் ஓனர், வெறும் 46,000 தான் ஓடியிருக்கு" என்றார் கன்சல்டிங்காரர்.

தம்பி வெறும் வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் கிடையாது. வெள்ளி வாங்கும்போது டச் (தரம்) பார்க்காமல் கை வைக்க மாட்டான். இங்கேயும் சர்வீஸ் ரிக்கார்டு கேட்டான், கொடுத்தார்கள்: 15,000, 30,000, 45,000 கிலோமீட்டரில் சர்வீஸ் செய்ததாக ஜெராக்ஸ் பில்கள். முழுக்கச் சோதனை செய்ததாக நாலு பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட், எல்லாக் கட்டத்திலும் டிக். மலையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, "கோடை விழா கூட்டம் சார், மேல போனா வண்டி நகராது" என்று சொல்லி ஓமலூர் பக்கம் நாலு வழிச்சாலையில் ஓட்டிக் காட்டினார்கள். நேர்ச் சாலையில் அந்த வண்டி அருமையாகத்தான் போனது. கியர் மாறுவதே தெரியவில்லை.

அந்தப் பில்கள் எல்லாம் போலி. இது பின்னால் தெரிந்தது.

மழை ஆரம்பித்த பிறகு ஒரு நாள் தம்பியும் அவன் மனைவியும் ஏற்காட்டுக்குக் கிளம்பினார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்து, இரண்டாவது கியருக்கு இறங்கி, மறுபடி இழுக்க வேண்டும். கியர்பாக்ஸையும் இன்ஜின் சூட்டையும் நன்றாகச் சோதித்துவிடுகிற பாதை.

பாதி மலை ஏறுவதற்குள் ஒவ்வொரு வளைவிலும் வண்டி உதற ஆரம்பித்திருக்கிறது. அப்புறம் கியர்பாக்ஸ் சூடு என்று எச்சரிக்கை. 60 அடி பாலத்துக்குப் பக்கத்தில் கூலண்ட் விளக்கும் எரிந்து, வளைவிலேயே வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. பின்னால் அரசுப் பேருந்து, அதற்குப் பின்னால் வரிசையாக வண்டிகள், கனத்த மூடுபனி. ஓரம்கட்ட ஓரமே இல்லை. பேருந்து நடத்துநர் இறங்கி வந்து, நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துக் கொடுத்தார். அந்த மனிதருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. சேலத்திலிருந்து தூக்கு வண்டி வந்து சேரும்வரை இருவரும் அந்த மழையில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றார்கள்.

மறுநாள் ஊரிலேயே இந்த மாதிரி வண்டிகளைப் பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து கண்ணாடி ஏற்றி இறக்கும் பட்டனைக் காட்டினார். "அண்ணா, இதப் பாருங்க." பட்டன் மேல் இருந்த குறி தேய்ந்து, வழவழவென்று மொட்டையாக இருந்தது. எதிர்ப்பக்கத்துக் கதவுப் பட்டன் புதுசு மாதிரி. ஸ்டியரிங்குக்குப் புதுத் தோல் தைத்திருக்கிறார்கள், பிரேக் பெடலுக்குப் புது ரப்பர் போட்டிருக்கிறார்கள், சீட்டுக்கு வண்ணம் ஏற்றியிருக்கிறார்கள். இந்தப் பட்டனை மட்டும் விட்டுவிட்டார்கள். 46,000 கிலோமீட்டரில் எந்தப் பட்டனும் இப்படித் தேயாது என்றார்.

அப்புறம் ஸ்கேனர் போட்டார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் உங்களைக் காப்பாற்றும். இந்த வகைக் காரில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், ஏர்பேக், கதவு, ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணினிப் பெட்டி உண்டு. ஏதாவது கோளாறு வந்தால், எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதையும் சேர்த்து அந்தப் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளும். மீட்டரைத் திருப்புகிறவர்கள் முன்னால் தெரிகிற மீட்டர் பெட்டியில் எண்ணை மாற்றுவார்கள், இன்ஜின் பெட்டியில் இருக்கும் பதிவுகளை அழிப்பார்கள். கதவு, ஏசி பக்கமெல்லாம் போய்ப் பார்க்க அவர்களுக்குப் பொறுமை இருக்காது. எங்கள் வண்டியில் இடது கதவுப் பெட்டிக்குள் ஒரு பழைய கோளாறு அப்படியே கிடந்தது. அதன் கீழே கிலோமீட்டர்: 1,18,340. மீட்டர் காட்டியதோ 47,000 சொச்சம். கோளாறுப் பதிவுகளைக் கடைசியாக அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் இன்ஜின் பெட்டி தனியாக வைத்திருக்கும். அதைப் பார்த்தால், தம்பி கைக்கு வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் எல்லாவற்றையும் துடைத்திருக்கிறார்கள்.

மீட்டர் திருப்புவதை விலையை ஏற்றுகிற ஏமாற்று வேலை என்று மட்டும்தான் பலரும் நினைக்கிறார்கள். ரெண்டு மூணு லட்சம் கூடக் கொடுத்துவிட்டோம், சரி போகட்டும் என்று விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அதோடு முடிகிற விஷயமில்லை. வண்டிக்கு எப்போது என்ன வேலை செய்ய வேண்டும் என்பது கிலோமீட்டரை வைத்துத்தான் முடிவாகிறது. இந்த டிடியில் இருப்பது ஆயிலில் நனைந்து ஓடும் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அதன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும். மீட்டரில் 46,000 என்று இருந்தால், இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் 1,18,000 ஓடிய வண்டியில் அந்த ஆயில் மாற்றப்பட்டதற்கு ஒரு தடயமும் இல்லை. வடித்துப் பார்த்தபோது கருத்துப்போய் இரும்புத்தூளோடு வந்தது. தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு இந்த இன்ஜினில் வயதானால் கசிவது பலருக்கும் தெரிந்த விஷயம். இதில் அது கசிந்து கசிந்து காய்ந்த அடையாளம் வெள்ளையாகப் படிந்திருந்தது. முன் பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் இவ்வளவு என்று ஓரத்தில் பொறித்திருப்பார்கள். அளந்தபோது அதற்கும் கீழே தேய்ந்திருந்தது. ஏறும்போதே வண்டி நின்றுபோனது நல்லதாகப் போயிற்று. அந்த டிஸ்க்கோடு 20 வளைவும் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே நான் விரும்பவில்லை.

கன்சல்டிங்காரரிடம் போனோம். வாங்கும்போது "அண்ணா, அண்ணா" என்றவர் இப்போது உட்காரக்கூடச் சொல்லவில்லை. "பாத்து ஓட்டித்தானே எடுத்தீங்க, எங்களுக்கு வந்ததே அப்படித்தான்" என்று கையை விரித்துவிட்டார். டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டினார். இருக்கிற நிலையில் பெற்றுக்கொண்டதாக அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு வரி. அதே தாளில் கிலோமீட்டர் என்ற இடம் காலியாக விடப்பட்டிருந்தது. எழுத மறந்ததாகச் சொன்னார். மறதி இல்லை, அந்த எண் எங்கேயும் அவர் கையெழுத்தோடு இருந்துவிடக்கூடாது என்ற கணக்கு. தம்பியிடம் அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருக்கின்றன. மீட்டர் படத்தோடு "46k ஒன்லி, ஜெனுயின்" என்று அவரே போட்டது. இப்போது எங்களுக்குப் பலமே அதுதான்.

கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் எண்ணை வைத்துக் கேட்டபோது, பெங்களூரில் 97,000 கிலோமீட்டரில் சர்வீஸுக்கு வந்த பதிவு இருந்தது. கியர்பாக்ஸ் வேலைக்கு மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல் மதிப்பீடு கொடுத்தார்கள். விலை குறைந்தாலும் பார்ட்ஸ் விலை குறையாது. 17 லட்சத்துக்கு வாங்கினாலும் அது 60 லட்ச ரூபாய் வண்டிதான், யானையைக் கட்டித் தீனி போடுகிற செலவு.

அப்படியானால் அதிகம் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரே வாங்கக் கூடாதா என்று என்னிடம் இப்போது பலர் கேட்கிறார்கள். வாங்கலாம் என்பதுதான் என் பதில். 1,20,000 ஓடி, கியர்பாக்ஸ் ஆயில் இரண்டு முறை மாற்றியதற்கும், டிஸ்க், பம்ப், புஷ் எல்லாம் மாற்றியதற்கும் உண்மையான பில் வைத்திருக்கும் வண்டியை நான் தைரியமாக வாங்கச் சொல்வேன். பில் இல்லாத 40,000 கிலோமீட்டர் வண்டியைத் தொடவே மாட்டேன். குறைவாக ஓடிய வண்டி என்பதும் தானாகவே நல்ல வண்டி ஆகிவிடாது. பத்து வருடம் நின்றாலும் ரப்பர் ஹோஸ் காயத்தான் செய்யும், டயரில் வெடிப்பு விழத்தான் செய்யும். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். அதையும் பாருங்கள். வாங்குகிற விலையில் கால் பங்கு பழுது வேலைக்கென்று தனியாக எடுத்துவைக்க முடியாதென்றால், இந்த வகை வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

வாங்குவதென்று முடிவு செய்தால், கன்சல்டிங்காரர் சொல்கிற மெக்கானிக்கிடம் போகாதீர்கள். உங்கள் ஆளை, அவருடைய ஸ்கேனரோடு கூட்டிப்போய் எல்லாப் பெட்டிகளையும் படிக்கச் சொல்லுங்கள், இன்ஜினை மட்டும் படித்துவிட்டு வந்துவிட வேண்டாம். சர்வீஸ் பில்லை நம்பாமல், பில் போட்ட இடத்துக்கே சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கிப் பாருங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காத வருடத்துக்குத் தரும் தள்ளுபடி) பூஜ்யம் என்று இருந்தால், முந்தைய வருடம் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்களா, எதற்காக என்று விடாமல் கேளுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எங்களுக்கு சிங்கிள் ஓனர் என்று விற்றது மூன்றாவது கை. வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. (படிவம் 28-இல் வாங்கும் தடையில்லாச் சான்று), இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்த்துத்தான் விலையைப் பேச வேண்டும்.

இன்னொன்று முக்கியம். பழைய வண்டி விற்கும் கடைக்காரர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்கவும் வேண்டும். அந்த இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஆளிடம் இரண்டுமே இல்லை, முந்தைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள்தான் இருந்தன. டெலிவரி நோட்டில் கிலோமீட்டர் எண்ணை அவர் கையாலேயே எழுதி, மீட்டர் திருத்தப்படவில்லை என்ற ஒரு வரியும் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். யோசிக்கிற ஆளிடம் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்களுக்கு: வாங்கி இரண்டு வருடத்துக்குள் என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயம் இல்லை. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் முதலில் பதிவு செய்யலாம். மீட்டரைத் திருத்தி விற்பது மோசடி என்பதால் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் வழக்கு, காவல் நிலையப் புகார் இரண்டும் நாங்கள் செய்திருக்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டை வண்டியின் சேசிஸ் எண், தேதியோடு அச்செடுத்து மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். வண்டியைப் பழுது பார்ப்பதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும், பெட்டியை மாற்றிய பிறகு அந்த எண்ணைக் காட்ட வழியில்லை.

போன வாரம் அதே கடை வாசலில் வேறொரு கர்நாடகா வண்டி நிற்கிறது என்று தம்பி சொன்னான். சிவப்பு நிறம், இரண்டு கதவு, கண்ணாடியில் 38,000 கி.மீ. என்று ஸ்டிக்கர். பார்க்கப் போகிறவர்கள் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து முதலில் அந்தப் பட்டன்களைப் பாருங்கள், அப்புறம் ஸ்கேனரை மாட்டுங்கள்.