894ஐ 895 ஆக்கிக் கொடுத்த அச்சுக்கடை

பாளையங்கோட்டை தெற்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முன்பக்கம் கணினி ஒன்றும் உள்ளே அச்சு எந்திரம் ஒன்றுமாக நடந்து வரும் பிளெக்ஸ், வினைல் அச்சுக்கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. தம் பெயரும் கடையின் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். எண்ணெய்க் கடைகளுக்கு விலைப்பலகை செய்து கொடுக்கிற அண்ணாச்சி என்று விசாரித்தால் பஜாரில் எவரும் வழி சொல்லிவிடுவார்கள்.

நான் பள்ளியில் ஹாக்கி சொல்லிக் கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியன். 2023 ஜூன் மாதம் பள்ளி திறந்த சமயத்தில், பிள்ளைகள் மட்டைகளை வைக்கும் அறைச் சுவருக்கு ஒரு சாதனைப் பலகை செய்ய விரும்பினேன். அதில் இடம்பெறப் போகிறவர் வெய்ன் கிரெட்ஸ்கி என்று சொன்னபோது, ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டி இவ்வளவு பக்கத்தில் இருக்கையில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர் எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலின் படம் அந்த அறையில் முன்பே மாட்டப்பட்டிருக்கிறது. ஆனால், தான் கோல் அடிப்பதைவிடப் பக்கத்து ஆளுக்குப் பந்தைக் கொடுப்பது எவ்வளவு பெரிய ஆட்டம் என்பதைப் பிள்ளைகளுக்கு எண்களாலேயே காட்ட வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்த ஹாக்கியில் கிரெட்ஸ்கியை மிஞ்சிய உதாரணம் இல்லை.

ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்தக் கோலுக்கு முன் பக் என்ற ரப்பர் வட்டைத் தள்ளிக் கொடுத்த கடைசி இருவர் வரைக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. என்.எச்.எல். என்ற வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கில் கிரெட்ஸ்கி ஆடிய வழக்கமான சீசன் ஆட்டங்கள் 1487. அடித்த கோல்கள் 894. கோலுக்குக் கொடுத்த பாஸ்கள் 1963. மொத்தப் புள்ளிகள் 2857. அவர் அடித்த கோல்கள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கொடுத்த பாஸ்களை மட்டும் எண்ணினாலும் 1963 நிற்கிறது. புள்ளிப் பட்டியலில் அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் யாரமீர் யாகரின் மொத்தப் புள்ளிகளே 1921தான். இந்த ஒரு ஒப்பீட்டுக்காகத்தான் பலகையே.

முதலில் நகரில் வேறொரு கடையில் கொடுத்தேன். நான் யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்ததை அவர்கள் தங்கள் மென்பொருளில் அப்படியே ஒட்ட, 'கிரெட்ஸ்கி' என்ற பெயரில் ரகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ரகரத்தைத் தாண்டிப் போய்ப் புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றது. சுட்டிக்காட்டியபோது, தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது என்றார்கள். பிள்ளைகள் படிக்கிற சுவரில் எழுத்துப் பிழையோடு ஒரு பலகையை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. முன்பணத்தை விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தெற்கு பஜார் அண்ணாச்சியிடம் போன அன்று அவர் எழுத்துருவைப் பற்றிப் பேசவே இல்லை. நான் கொடுத்த தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கேட்டது இது: "சார், இதுல எந்த நம்பர் மாறும், எது மாறாதுன்னு மொதல்ல சொல்லுங்க. எண்ணெக் கடைக்குன்னா எல்லாமே மாறும். உங்களுக்கு அப்படி இல்லல்லா?"

அச்சுக்கடையில் இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆட்டமும் பாஸும் புள்ளியும் என் ஆயுளில் மாறாது, அதிகக் கோல் என்ற சாதனை எண் மட்டும் இன்னொருவருடையதாக மாறக்கூடும், வாஷிங்டன் கேபிடல்ஸ் அணியில் அலெக்சாண்டர் ஒவெச்கின் என்ற ரஷ்யர் 37 வயதில் 822 கோலோடு நிற்கிறார், இன்னும் 72 அடித்தால் சமம் என்று விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, கோல் என்ற வரிக்கு நேரே மட்டும் எண்ணை அச்சிடாமல் இடம் விட்டு, அக்ரிலிக் பட்டையில் காடி எடுத்து, விலைப்பலகையில் செருகுவது போல எண் அட்டைகளைச் செருகும்படி செய்து தருகிறேன் என்றார். மற்ற மூன்று வரிகளும் நேரடி அச்சு. இதற்குக் கூடுதலாகக் கேட்டது 650 ரூபாய்.

பலகையின் அளவு 6 அடிக்கு 4 அடி. இதை நான் வேண்டுமென்றே சொன்னேன், ஏனென்றால் ஐஸ் ஹாக்கியின் கோல் வாயும் அதே 6 அடி அகலமும் 4 அடி உயரமும்தான். நம் மைதான ஹாக்கியில் கோலின் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. அந்தச் சிறிய வாயைக் கனமான காப்புகளைக் கட்டிய கோல்கீப்பர் ஒருவர் ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துக்கொண்டிருக்க, மிச்சமிருக்கும் சந்துகளில்தான் அந்த 894 கோல்களும் போயின என்பதைப் பிள்ளைகள் கண்ணால் அளந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். இதைக் கேட்ட அண்ணாச்சி, பலகையின் விளிம்புக்கு நான் கேட்காமலேயே சிவப்புப் பட்டை ஓட்டினார். அந்த விளையாட்டில் கோல் கம்பங்களின் நிறம் சிவப்பு என்பதை நான் காட்டிய படத்திலிருந்து கவனித்திருக்கிறார்.

வடிவமைப்பைச் செய்தது கடையில் கணினியில் உட்காரும் பெண். அவருடைய வேலையைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். கிரெட்ஸ்கியின் வாழ்க்கையைப் பலகையின் அடிப்பகுதியில் ஒரு பட்டையாகப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தேன். இரு ஓரமும் 6 அங்குலம் விட்டால் 60 அங்குலம் மிஞ்சுகிறது, அவர் ஆடியது 20 சீசன், ஆக ஒரு சீசனுக்கு 3 அங்குலம் என்று அந்தப் பெண்ணே கணக்குப் போட்டுவிட்டார். எட்மன்டன் ஆயிலர்ஸ் காலம் 1979 முதல் 1988 வரை 27 அங்குலத்துக்கு நீலமும் ஆரஞ்சுமாக நீள்கிறது. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸின் கறுப்பும் வெள்ளியும். 1996இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு அவர் ஆடிய 18 ஆட்டங்களுக்கு முக்கால் அங்குலம்கூட வராத ஒரு கீற்று. கடைசியாக நியூயார்க் ரேஞ்சர்ஸின் மூன்று சீசனுக்கு 9 அங்குலம். எழுத்தே படிக்காமல் நிறத்தை மட்டும் பார்த்தாலே ஒரு மனிதர் எங்கே வளர்ந்தார், எங்கே இடம் பெயர்ந்தார் என்பது விளங்கிவிடுகிறது.

அந்தப் பட்டையின் மேல் எதையெல்லாம் எழுதுவது என்பதில்தான் எனக்கு நேரம் போனது. ஒன்டாரியோ மாநிலம் பிரான்ட்ஃபோர்டில் அவருடைய தந்தை வீட்டுப் பின்கட்டில் தண்ணீர் விட்டு உறையவைத்த பனித்தளத்தில் பழகிய பையன் என்பதை விட முடியாது. இளைஞர் அணியில் சேர்ந்தபோது, தன் ஆதர்ச வீரரான கோர்டி ஹோவின் 9ஆம் எண் கிடைக்காமல் 99ஐ ஏற்றார் என்பதையும் விட முடியாது. 1981 டிசம்பர் 30 அன்று ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்து, அந்த சீசனின் 39ஆவது ஆட்டத்திலேயே 50 கோலைத் தொட்டார். சீசன் முடியும்போது 92. 1985-86 சீசனில் 163 பாஸ், 215 புள்ளி. 1988 ஆகஸ்ட் 9 அன்று அவரை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விற்றபோது கனடாவே கொதித்தது. 1994 மார்ச் 23 அன்று 802ஆவது கோலால் ஹோவின் 801ஐத் தாண்டினார். 1999 ஏப்ரல் 18 அன்று கடைசி ஆட்டம். அதன் பிறகு 99 என்ற எண்ணை லீக்கின் எந்த அணியிலும் எவரும் அணிய முடியாது. லீக்கின் சாம்பியன் அணிக்குக் கிடைக்கும் ஸ்டான்லி கோப்பையை அவர் வென்றது நான்கு முறை, அதற்கு நான்கு சிறிய கிண்ணங்கள் மட்டும். அவற்றுக்கு எழுத்து வேண்டாம் என்றது வடிவமைத்த பெண்ணின் யோசனை, அதுவே சரியாக இருந்தது.

கோல் வலைக்குப் பின்னால் இருக்கும் இடத்தையும் வரைந்து வாங்கினேன். நம் ஆட்டத்தில் கோல் கோட்டைத் தாண்டிய பந்து வெளியே போனது போனதுதான். பனித்தளத்தில் வலைக்குப் பின்னாலும் ஆட இடம் உண்டு. அங்கே பக்கோடு நின்று கோல்கீப்பரை இரு பக்கமும் திரும்பிப் பார்க்கவைத்து, முன்னால் ஓடி வரும் தோழனுக்குத் தள்ளிக் கொடுப்பது கிரெட்ஸ்கியின் வழக்கம். அந்த இடத்துக்கு 'கிரெட்ஸ்கியின் ஆபீஸ்' என்றே பெயர் வந்துவிட்டது.

பலகை சொன்ன தேதிக்கு 11 நாள் தாமதமாகத்தான் வந்தது. ஆனித் தேரோட்ட வேலைகளும் பள்ளி திறப்பு வேலைகளும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன என்றார்கள். நான்கு முறை நேரில் போய் நின்ற பிறகே கையில் கிடைத்தது. மதியம் ஒரு மணிக்கு மேல் மூன்று மணி வரை அந்தக் கடையில் தொலைபேசியை எடுப்பதில்லை. மேலும், லேமினேஷனைப் பளபளப்பு வகையில் செய்துவிட்டதால், அறையின் டியூப்லைட் வெளிச்சம் சரியாக 1963 என்ற எண்ணின் மேல் விழுந்து, வாசலில் நின்று பார்ப்பவருக்கு அந்த எண் தெரிவதில்லை. எந்த எண்ணுக்காகப் பலகை செய்தேனோ அதுவே மறைவது எனக்கு இன்றும் வருத்தம்தான். மேட் லேமினேஷன் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

கடையின் உண்மையான அருமை தெரிந்தது 2025 ஏப்ரலில். ஒவெச்கின் அந்த சீசனின் நடுவில் கால் எலும்பு முறிந்து 16 ஆட்டங்களை இழந்தும் திரும்பி வந்து அடித்துக்கொண்டே இருந்தார். ஏப்ரல் 4 அன்று சிகாகோ அணிக்கு எதிராக இரண்டு கோல் அடித்து 894ஐச் சமன் செய்தார். ஏப்ரல் 6, ஞாயிறு, நமக்கு இரவு நேரம். நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக, இரண்டாம் பகுதியில், பனித்தளத்தில் வரைந்திருக்கும் இடது வட்டத்திலிருந்து, தமக்கே உரிய இடத்திலிருந்து, அவர் அடித்தது கோல்கீப்பர் இல்யா சொரோகினைத் தாண்டி உள்ளே போனது. பனியில் குப்புறப் பாய்ந்து சறுக்கினார். ஆட்டத்தை நிறுத்தி, அரங்கிலேயே இருந்த கிரெட்ஸ்கி வந்து வாழ்த்தினார். 31 ஆண்டுகள் தம்மிடம் இருந்த சாதனையை இன்னொருவர் கையில் ஒப்படைக்க நேரில் வந்து நின்ற அந்த மனிதரைப் பார்த்தபோது, என் சுவரில் இருப்பவர் சரியான ஆள்தான் என்று எனக்கு நிறைவாக இருந்தது.

திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். கிரெட்ஸ்கியின் 894 அப்படியே இருக்க வேண்டும், பக்கத்தில் ஒவெச்கினுக்கு ஒரு தனிப் பலகை வேண்டும், மாறும் எண் இனி அவருடையது என்று சொன்னேன். காடிப் பட்டையைப் பழைய பலகையிலிருந்து பிசிறில்லாமல் கழற்றி, அந்த இடத்தில் 894ஐ வினைலில் வெட்டி நிரந்தரமாக ஒட்டி, பட்டையைப் புதிய பலகைக்கு மாற்றிவிட்டார்கள். பட்டைக்குப் புதிதாகப் பணம் வாங்கவில்லை.

புரூஃப் வந்த அன்று மாலை அந்தப் பெண் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "சார், ரெண்டு பலகையிலயும் ஆட்டம் 1487ன்னு இருக்கு. ஒண்ணப் பாத்து இன்னொண்ணையும் அடிச்சிட்டீங்களான்னு பாருங்க" என்றார். பிழை இல்லை, இரண்டும் சரிதான் அம்மா என்றேன். கிரெட்ஸ்கி தம் வாழ்நாளில் ஆடிய மொத்த ஆட்டங்கள் 1487. ஒவெச்கின் 895ஆவது கோலை அடித்ததும் தம்முடைய 1487ஆவது ஆட்டத்தில். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. அப்படியென்றால் பார்க்கிறவர்களும் பிழை என்றுதான் நினைப்பார்கள் என்று சொல்லி, புதிய பலகையில் '895ஆவது கோல் வரை ஆடிய ஆட்டங்கள்' என்று வரியைத் திருத்தி, இரண்டு 1487க்கும் ஒரே மஞ்சள் நிறத்தைக் கொடுத்தார். இன்று அறைக்குள் வருகிற ஒவ்வொரு பையனும் முதலில் கேட்பது அந்த இரண்டு மஞ்சள் எண்களைப் பற்றித்தான். ஐஸ் ஹாக்கியை ஒருமுறையும் பார்த்திராத ஒருவர், எண்ணை எண்ணாக மதித்துப் படித்ததால் கிடைத்தது இது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். முதல் பலகை 24 சதுர அடி, சதுர அடிக்கு 120 ரூபாய் வீதம் 2,880. காடிப் பட்டையோடு 3,530. இரண்டாவது, மேட் லேமினேஷனுடன் 9 சதுர அடிக்கு 1,170. இதைவிடக் குறைவாகச் செய்து தருகிற கடைகள் நகரில் உண்டு. ஆனால் சன்போர்டின் மூலைகள் இரண்டு ஆண்டு ஆகியும் தூக்கவில்லை, மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் சிவப்பு இன்னும் வெளிறவில்லை.

போகிறவர்கள் தாங்கள் அச்சிட வேண்டியதைத் தெளிவாகத் தட்டச்சு செய்து கொண்டு போவது நல்லது. கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தால் வேலை பின்னால் தள்ளப்படுகிறது. எண் அட்டைகள் வாங்குவதானால் இரண்டு செட்டாக வாங்குங்கள். ஒவெச்கின் அந்த சீசனை 897இல் முடித்தபோது ஒரு செட் போதுமானதாக இருந்தது. நவம்பரில் அவர் 900ஐத் தொட்டபோது பூஜ்யம் இரண்டு தேவைப்பட்டது, எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. மாலைப் பயிற்சி முடிந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சைக்கிளில் தெற்கு பஜாருக்குப் போய்க் கேட்க, அண்ணாச்சி காசு வாங்காமல் ஒரு பூஜ்யத்தை வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அவனே அதைக் காடியில் செருகினான்.