மே மாத லீவில் மலையும் கோல்ஃபும்: கொடைக்கானலா, ஊட்டியா, வெலிங்டனா?

வீட்டில் கோடை லீவுப் பேச்சு ஆரம்பித்ததும் என் கண் முதலில் போவது கார் டிக்கிக்குத்தான். நாங்கள் இரண்டு பேர், பத்து வயதில் மகள், ஆறு வயதில் மகன், கூட மாமியார். ஐந்து பேருக்கும் துணி, ஸ்வெட்டர், மாமியாரின் மருந்துப் பை, மலையேறும்போது வாந்தி வந்தால் என்று ஒரு கட்டு கவர், முறுக்கு டின், இத்தனைக்கும் நடுவில் பதினான்கு மட்டை செருகிய கோல்ஃப் கிட்டையும் திணிக்க வேண்டும். கோவையில் செட்டிபாளையம் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் எட்டரை மணிக்கு மேல் ஆடினால் தலை கிறுகிறுக்கும், அதனால் வருஷத்தில் இந்த ஒரு வாரம் குளிரில் ஆடக் கிடைப்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வருவதே இல்லை. அதே சமயம், அது குடும்பத்துக்கான லீவு. அப்பா பாதி நாள் காணாமல் போனால் குழந்தைகளுக்கு அது நினைவில் நிற்கும்.

மூன்று இடத்திலும் ஆடிவிட்டேன், மூன்றுமே பதினெட்டு ஹோல் கோர்ஸ், அதாவது பந்தை ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கப் பதினெட்டுக் குழி. எது சிறந்த கோர்ஸ் என்று கேட்டால் தயங்காமல் ஊட்டி என்பேன், ஆனால் குடும்பத்தோடு போகிறவருக்கு அந்தக் கேள்வியே உதவாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு இரண்டரை மணி நேரம் வீட்டார் எங்கே இருப்பார்கள், காரை யார் வைத்திருப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் அவர்களோடு சேர முடியும், இந்த மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு அப்புறம்தான் ஊரை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கொடைக்கானல். இங்கே கோல்ஃப் கிளப் 1895-லேயே வந்துவிட்டது. அதைவிட நமக்கு முக்கியம் அது இருக்கும் இடம். ஏரியிலிருந்து தூண் பாறைக்குப் போகும் சாலையில், பசுமைப் பள்ளத்தாக்கு காட்சிமுனையை ஒட்டி இருக்கிறது. அந்தக் காட்சிமுனை, தூண் பாறை, குணா குகை, பைன் மரக்காடு, மோயர் பாயிண்ட் என்று கொடைக்கு வரும் எந்தக் குடும்பமும் ஒரு நாள் போயே தீர வேண்டிய இடமெல்லாம் அந்த ஒரே தடத்தில் வரிசையாக வருகின்றன. அதாவது கோல்ஃபுக்காக நீங்கள் தனி வழியில் விலகிப் போகவில்லை, எல்லாரும் எப்படியும் வரப்போகிற சாலையில் மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது இதுதான். காலை ஆறு மணிக்கு ஒரு டாக்ஸி பிடித்து நான் மட்டும் கிளம்பிவிடுவேன், கார் வீட்டாரிடம் இருக்கும். ஆறரைக்கு முதல் அடி. ஒன்பது ஹோலோடு நிறுத்திக்கொள்வேன், எட்டே முக்காலுக்குள் முடிந்துவிடும். அதற்குள் பிள்ளைகள் எழுந்து குளித்து, ஏரிக்கரையில் சைக்கிள் ஒரு சுற்று விட்டு (சுற்றளவு ஐந்து கிலோமீட்டர் போல வரும், பாதியிலேயே மகன் அம்மாவின் சைக்கிளுக்கு மாறிவிடுவான்), சூடாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு என்னை வந்து ஏற்றிக்கொள்வார்கள். பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் சீசன் நெரிசல் கட்டிக்கொள்ளும், அதற்கு முன்னால் நாங்கள் தூண் பாறையில் இருப்போம். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கோவைக்காரனான நான், பக்கத்தில் ஊட்டி இருக்கும்போது, உடுமலை, பழனி வழியாக ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிக்கொண்டு கொடைக்குப் போகிறேன்.

ஆட்டம் எப்படி என்றால், மேடும் பள்ளமும்தான், கால் வலிக்கும். மழை பெய்த மறுநாள் ஃபேர்வேயில், அதாவது குழி வரை வெட்டி வைத்த புல்பாதையில், காட்டுமாட்டுக் குளம்புத் தடம் உள்ளங்கை அகலத்தில் பதிந்திருக்கும், பந்து சரியாக அதற்குள் போய் உட்காரும். ஒரு காலையில் நாலாவது ஹோலில் நான் அடிக்க மட்டையைத் தூக்கியபோது மட்டைப் பையைத் தூக்கி வரும் கேடி அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். எதிரில் மூடுபனி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அங்க பாருங்க சார், கால் மட்டும் தெரியுது" என்றார். உற்றுப் பார்த்தால் பனிக்குக் கீழே முழங்கால் வரை வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி எட்டுக் கால்கள், பக்கத்தில் சிறியதாக இன்னும் நான்கு. கன்றோடு இரண்டு பெரிய மாடுகள். பனி கொஞ்சம் விலகியதும் கரிய முதுகும் மூக்கிலிருந்து வரும் ஆவியும் தெரிந்தன. "அது போற வரைக்கும் நாம நிக்கலாம். கன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தரையில் வைத்துவிட்டார். இருபது நிமிடம் நின்றோம். எனக்கு அந்த வருஷ லீவில் மறக்க முடியாத இருபது நிமிடம் அதுதான். ஒரு கிடா மாடு ஆயிரம் கிலோ வரை வரும், போட்டோ எடுக்கிறேன் என்று கிட்டே போகவே போகாதீர்கள். கேடி என்ன சொல்கிறாரோ அதைக் கேளுங்கள்.

ஊட்டிக்கு வருவோம். ஊட்டி ஜிம்கானா கிளப்பின் கோர்ஸ் ஃபிங்கர் போஸ்ட் பக்கம், கூடலூர் சாலை ஓரம். அலையலையாகப் புல்மேடு, தூரத்தில் சோலை, மேலே வானம் அத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல ஒரு விரிவு. கொடையில் கிடைக்காத ஒரு தாராளம் அங்கே உண்டு. ஓரங்களில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து பரப்பிய கார்ஸ் என்ற முட்புதர், மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும், பார்க்க அழகு, பந்து உள்ளே போனால் கையை விடாதீர்கள், இன்னொரு பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோர்ஸை ஒன்பது ஹோலோடு விட்டு வர மனசு கேட்காது. அங்கேதான் சிக்கல். பதினெட்டும் நடந்து முடிக்க நாலரை மணி நேரம், அப்புறம் சேரிங் கிராஸ் நெரிசலில் ஊர்ந்து அறைக்கு வர இன்னும் ஒரு மணி. பாதி நாள் போயிற்று.

முதல் முறை நான் அந்தத் தப்பைத்தான் செய்தேன். மலர்க் கண்காட்சி நடக்கும் வாரம். காரை நான் எடுத்துப் போய்விட்டேன், வீட்டாரைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப் போக ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்ன டாக்ஸி வரவே இல்லை. நான் ஒரு மணிக்குத் திரும்பினால் மகள் ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறாள். மனைவி ஒன்றும் பேசவில்லை. மாமியார்தான், "பூவு வாடாதுங்க மாப்பிள்ள, இன்னும் நாலு நாள் நிக்கும். புள்ளைங்கதான் வாடிப் போச்சுங்க" என்றார். அன்றைக்கு நான் நன்றாகவே ஆடியிருந்தேன், ஆனால் அந்த ஸ்கோர் கார்டை எடுத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை ஊட்டியிலும் கொடை மாதிரியே மாற்றிப் பார்த்தேன். தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா எல்லாம் ஊரின் மறுபக்கம், அந்த நாளில் கோல்ஃபை நினைக்கவே கூடாது. ஆனால் பைக்காரா போகும் நாள் இருக்கிறதே, அது கூடலூர் சாலை, அதாவது கோர்ஸைத் தாண்டித்தான் போக வேண்டும். விடியற்காலையில் ஆட்டோவில் போய் ஒன்பது ஹோல் ஆடிவிட்டு வாசலில் நின்றேன், வீட்டார் காரில் வந்து ஏற்றிக்கொண்டார்கள், நேரே பைன் காடு, பைக்காரா படகு. நன்றாகவே நடந்தது. இருந்தாலும் கொடையில் ஒரு வாரத்தில் இரண்டு மூன்று காலை கிடைக்கிறது என்றால் ஊட்டியில் இப்படி வசதியாக அமைவது ஒரே ஒரு காலைதான். பிள்ளைகள் பதினைந்து பதினாறைத் தாண்டிவிட்டார்கள், அவர்களே ஊர் சுற்றிக்கொள்வார்கள் என்றால் ஊட்டிதான், சந்தேகமே வேண்டாம், பதினெட்டையும் ஆடுங்கள்.

வெலிங்டன் கொஞ்சம் வேறு கதை. குன்னூரை ஒட்டிய ராணுவக் குடியிருப்பு, வெலிங்டன் ஜிம்கானா கிளப் அங்கே இருக்கிறது. உறுப்பினர் யாராவது கூட்டிப் போக வேண்டும், அல்லது உங்கள் ஊர்க் கிளப்புக்கும் அதற்கும் ஒப்பந்தம் இருக்க வேண்டும், நினைத்த நேரத்தில் போய் நிற்கிற இடம் இல்லை. எனக்குப் பெரியப்பா மகன் ராணுவத்தில் இருந்ததால் வாய்த்தது. ஊட்டியை விடத் தாழ்வான இடம், அதனால் குளிர் அடக்கமாக இருக்கும், மாமியாருக்கு மூட்டுவலி வராத ஒரே மலை ஊர் குன்னூர்தான். இங்கே குடும்பத்துக்கு என்ன வழி என்றால், ரயில். குன்னூரில் மலை ரயில் ஏறினால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஊட்டி வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜன்னலை விட்டுப் பிள்ளைகள் தலையைத் திருப்ப மாட்டார்கள். அவர்களை ரயிலேற்றி விடுவதற்கு முன்னாலேயே நான் ஆடி முடித்துவிட்டு, காரில் ஊட்டி போய் ஸ்டேஷன் வாசலில் நின்றேன். மே மாதத்தில் அந்த டிக்கெட்டை வெகு முன்னாலேயே போட்டு வைக்காவிட்டால் இந்தத் திட்டம் முழுக்கக் கவிழ்ந்துவிடும், அது ஒன்றுதான் பலவீனம். டிக்கெட் இல்லாவிட்டால் சிம்ஸ் பூங்காவில் இரண்டு மணி நேரம் தாராளமாகப் போகும்.

இ-பாஸ் விஷயத்தை மறக்க வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கும் வண்டிக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசனுக்கு எண்ணிக்கை வரம்பும் வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கு 4,000, 6,000. கொடைக்கு எண்ணிக்கை குறைவு என்பதால் நாள் முந்திப் போடுங்கள், போகும் வருஷம் என்ன நிலவரம் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்குக் கோவையிலிருந்து போகிறவர்கள் சீசனில் ஒருவழிப் பாதை ஆக்குவதையும் கணக்கில் வையுங்கள், ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவார்கள். குன்னூரில் தங்கிவிட்டு இறங்கும் நாளில் இது நேரத்தைத் தின்னும்.

கிளப்பில் என்ன கேட்க வேண்டும் என்பதும் முக்கியம், போன் போட்டு மூன்றே கேள்வி: அந்த நாளில் போட்டி எதுவும் இருக்கிறதா, வெளியாள் ஆடலாமா, கட்டணம் எவ்வளவு. காலர் வைத்த பனியன் எடுத்துக்கொள்ளுங்கள், ஜீன்ஸ் வேண்டாம். மே மாதத்தில் மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கோடை மழை இடியோடு இறங்கும், திறந்த புல்வெளியில் இரும்பு மட்டையோடு நிற்கிற இடம் அது இல்லை, அதனால் மதிய ஆட்டத்தை மூன்று ஊரிலும் மறந்துவிடுங்கள்.

பந்து பறக்கிற கதையையும் சொல்லியாக வேண்டும். மேலே காற்று மெலிது, ஆயிரம் அடி ஏறினால் பந்து சுமார் இரண்டு சதவீதம் கூடுதலாகப் போகும் என்பது கோல்ஃப்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. கோவையில் என் ஏழாம் நம்பர் மட்டை 130 கெஜம் போகும், ஏழாயிரம் அடியில் இருக்கும் கொடையில் அது 145-ஐத் தொட வேண்டும். வெயில் ஏறிய பிறகு தொடுகிறது. விடியற்காலைக் குளிரில் பந்து விறைத்துக் கிடக்கும்போது தொடுவதில்லை. அதனால் முதல் மூன்று ஹோலுக்கு வழக்கமான மட்டையே எடுங்கள், பனி விலகியதும் ஒரு படி தூரம் குறைந்த மட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள். காலையில் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லான க்ரீனில் பனித்துளி வெள்ளையாகப் படிந்திருக்கும், பந்து உருளும்போது பின்னால் ஒரு கோடு விழும், அங்கே கொஞ்சம் அழுத்தித் தட்ட வேண்டும்.

டிக்கி பிரச்சினைக்கு இரண்டு வருஷமாக ஒரு தீர்வு வைத்திருக்கிறேன். முழு கிட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு ஆறே மட்டை: தூரம் அடிக்க ஒரு ஐந்தாம் நம்பர் வுட், ஐந்து, ஏழு, ஒன்பது இரும்பு, மணலிலிருந்து பந்தைக் கிளப்ப ஒரு சான்ட் வெட்ஜ், குழிக்குள் தட்ட ஒரு பட்டர். ஒரு துண்டில் சுற்றி மகனின் பழைய கிரிக்கெட் பையில் போட்டால் பின் சீட்டுக்கு அடியில் படுத்துக்கொள்கிறது, மாமியாரின் பெட்டிக்கு இடம் கிடைத்துவிடுகிறது. ஒன்பது ஹோலுக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

இந்த வருஷமும் கொடைதான், கூட்டம் குறைவாக இருக்கும் செவ்வாய் முதல் வெள்ளி வரை. மகள் தானும் ஒரு காலை கூட வந்து பார்க்க வேண்டும் என்கிறாள். கிளப்பில் அனுமதி கேட்டிருக்கிறேன். அவளுக்குத் தகுந்த மாதிரி என் பழைய பட்டரை நான்கு அங்குலம் அறுத்து, பிடியை மாற்றி வைத்தாயிற்று.